ஆறு விண்ணப்பம், ஒரு கை

இயந்திரம் பொய் சொல்லாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் குணாளனின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட இயந்திரம், மதுரைக் கவின்கலைக் கல்லூரி ஒன்றிலிருந்து வேலை கேட்டு வந்த ஆறு விண்ணப்பங்களையும் கூடவே வந்த ஓவியங்களையும் ஒரு மேய் மேய்ந்துவிட்டுத் திரையில் ஒரு வரி காட்டியது.

'விண்ணப்பங்கள் ஆறு. கை ஒன்று.'

குணாளன் மறுபடி ஓட்டிப் பார்த்தான். அதே வரி. ஆறு மாணவர்களுக்கும் யாரோ ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்து கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். பச்சையான கள்ளத்தனம். வேறு கம்பெனியாக இருந்தால் ஆறையும் குப்பைக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஊரைப் பார்த்திருக்கும்.

குணாளனால் முடியவில்லை. கீழே இன்னொரு வரி இருந்தது.

'இதுவரை படித்த கைகளில் இதுவே முதல்.'

ஒன்பது வருடங்களாக அந்த முதலிடத்தில் இருந்தது வேறொரு கை. அது யாருடையது என்பது குணாளனுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் காலையில் அவன் மதுரையில் இறங்கிவிட்டான். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஏறிய ஆட்டோவில் ஓட்டுநர் கிடையாது. அதற்காக ஊர் வழக்கம் மாறிவிடுமா? கல்லூரி வாசலில் நின்றதும் மீட்டருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "வெயிலா இருக்குண்ணே, பாத்துப் போட்டுக் குடுங்க" என்றது. கொடுத்துவிட்டு இறங்கினான்.

வேலைவாய்ப்புப் பொறுப்பாளர் சடகோபன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கையில் ஆவி பறக்கும் பருத்திப்பால்.

"சார், உள்ள போறதுக்கு முந்தி ஒரு உண்மையச் சொல்லிப்புடறேன். இந்தக் காலேஜுக்குக் கம்பெனின்னு ஒண்ணு வந்து வருஷக்கணக்காச்சு. போஸ்டர் வேலைய மிஷின் எடுத்துக்கிருச்சு. கார்ட்டூன் படத்த மிஷின் எடுத்துக்கிருச்சு. கல்யாணப் பத்திரிகை மட்டும் மிச்சம் இருந்துச்சு, போன வருஷம் அதுவும் போச்சு. பிள்ளைங்க தங்கம் சார். வேலைதான் இல்ல. குடிங்க, ஆறிடும்."

குணாளன் குடித்தான். உள்ளே ஒரு திருடன் இருக்கிறான் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே குடித்தான்.

பழைய சிற்பக்கூடத்தின் சிமென்ட் தரையில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இறுதியாண்டு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பவுன்தாய், மேலூர் முபாரக், திண்டுக்கல் ஜெரால்டு, மேகலா, இருளப்பன், சௌந்தரி. நாற்காலிகள் சுவரோரம் சும்மா நின்றன.

எடுத்த எடுப்பில் முபாரக் கேட்டான். "சார், உலகத்துல இருக்க படத்தையெல்லாம் மிஷினே வரையுது. எங்க கை எதுக்கு?"

"வரையறதுக்கு இல்ல தம்பி. தைக்கறதுக்கு."

குணாளன் ஒரு புகைப்படத்தைத் தரையில் வைத்தான். நாலு வயதுப் பையன். மேல் உதடு மூக்குவரை பிளந்திருந்தது. கண் மட்டும் குறும்பாகச் சிரித்தது.

"கடலோரத்துல ஒரு சின்ன ஊர். அந்த ஆஸ்பத்திரியில முகம் தைக்கிற டாக்டர் கிடையாது. எங்க 'அங்கை' கம்பெனி இயந்திரக் கை செஞ்சு அனுப்புது. நடுங்காது, களைக்காது. ஆனா உதட்டோரம் எங்க வளையணும், எங்க நிக்கணும்னு அதுக்குத் தானாத் தெரியாது. அளந்து தைக்கும். அளந்து தைச்ச முகம் பொம்மை மாதிரி ஆயிடுது. பெத்தவளே பாத்துட்டு ஒரு நொடி தயங்கறா. அதனால, முகம் பாத்துப் பாத்துப் பழகின மனுஷக் கை ஒண்ண உள்ள ஏத்தறோம். அதுக்குப் பேரு மூலக்கை."

"இப்ப உள்ள இருக்கறது யாரு கை?" என்றாள் மேகலா.

"ஒருத்தரோடது. மூக்கு, கன்னம் எல்லாம் நல்லாவே தைக்கும். உதட்டுல மட்டும் தோத்துப் போகுது. இந்தப் பையனுக்கு அதனாலதான் இன்னும் தேதி குறிக்கல."

அந்தப் புகைப்படம் ஆறு கைகளுக்கு மாறிவிட்டுத் திரும்பி வந்தது.

குணாளன் பெட்டியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தான். பார்க்கச் சாதாரணப் பென்சில். முனையில் கரி, பின்னால் ரப்பர். உள்ளே இருந்த உணரி, அழுத்தம், வேகம், தயக்கம் எல்லாவற்றையும் இயந்திரத்துக்குச் சொல்லிவிடும். ஒவ்வொருவராக அழைத்து ஒரு முகம் வரையச் சொன்னான்.

விண்ணப்பங்களில் இருந்த அந்தக் கையோடு பவுன்தாய்க்கு நூற்றுக்கு எழுபது பொருத்தம். முபாரக்குக்கு ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் அதற்கும் கீழே. கடைசியாக வந்த ஜெரால்டுக்கு மூன்று.

"மூணா?" என்றான் இருளப்பன். "பரிட்சையில பேரு எழுதினாலே அஞ்சு மார்க் போடுவாங்களேடா."

"மூணு இருக்கேன்னு நானே நிம்மதியா இருக்கேன். விடு மாப்ள."

குணாளன் சிரிக்கவில்லை. அந்த ஒரு கை, இந்த ஆறு பேரில் யாருடையதும் இல்லை.

"நேரா கேக்கறேன்," என்றான். "உங்க ஆறு பேருக்கும் வரைஞ்சு குடுத்த ஆள் யாரு? எனக்கு அந்த ஆள்தான் வேணும். யார் மேலயும் புகார் குடுக்க மாட்டேன்."

கூடவே வந்து ஓரமாக நின்றிருந்த சடகோபனின் முகம் வெளுத்துவிட்டது. பவுன்தாய் எழுந்து நின்றாள்.

"யாரும் வரைஞ்சு குடுக்கல சார்."

"இயந்திரம் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நாங்க சொல்றமா?"

அவள் கண்ணில் அழுகை இல்லை. கோபம்தான். நாலு வருடம் கரியும் சாயமும் தின்ற விரல்களை அவன் பார்க்கட்டும் என்பதுபோல விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏ பவுனு, இரு இரு," என்று முபாரக் இடையில் புகுந்தான். "சார் சுத்தச் சொல்றாரு போல."

"சுத்தா?"

முபாரக் தலையைச் சொறிந்தான். "மொத வருஷத்துல இருந்து எங்களுக்குள்ள ஒரு பழக்கம் சார். இப்படித்தான் வட்டமா உக்காருவோம். வரையறப்ப ஒருத்தனுக்குச் சிக்கிருச்சுன்னா தாளக் கட்டிப்பிடிச்சு அழுவக் கூடாது. இடது பக்கத்து ஆளுகிட்டத் தள்ளிவிட்ரணும். வாங்கினவன் ஏன்னு கேக்கக் கூடாது. திரும்பி வர்றப்ப, ஏன் இப்படிப் பண்ணேன்னு தள்ளினவனும் கேக்கக் கூடாது. எத்தனை சுத்து சுத்தினாலும் தொடங்கின ஆளு பேருதான். அம்புட்டுதான்."

"எல்லாத் தாளும் இப்படியா?"

"எல்லாத் தாளும்."

"அது ஏமாத்து இல்லையா?"

"ஒருத்தி சோறு வடிக்கிறா, ஒருத்தி கொழம்பு கூட்டுறா," என்றாள் பவுன்தாய். கோபம் இன்னும் இறங்கவில்லை. "சாப்புடறப்ப ஏமாத்துன்னா சொல்லுவீங்க?"

குணாளன் பென்சிலை அவளிடம் நீட்டினான். பையனின் படத்தைக் காட்டினான். "உதடு சேந்தப்புறம் இந்த முகம் எப்படி இருக்கும்? வரைங்க. சுத்துக்கு விடுங்க."

அதன் பிறகு அவன் பார்த்ததை, பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். முழுதாகச் சொல்ல வரவில்லை.

பவுன்தாய் நெற்றியில் தொடங்கினாள். கண்ணை முடித்து, மூக்கின் பாதியில் ஒரு கணம் நின்றாள். அடுத்த கணம் தாளும் பென்சிலும் இடது பக்கம் நகர்ந்துவிட்டன. முபாரக் மூக்கை இறக்கிவிட்டுத் தள்ளினான். மேகலா கன்னத்து நிழலை மட்டும் தொட்டாள். பேச்சு என்னவோ முந்தின நாள் மெஸ்ஸில் போட்ட சாம்பாரைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருளப்பன் கீழுதடு, சௌந்தரி மேலுதட்டின் ஒரு பாதி. பிறகு தாள் ஜெரால்டிடம் வந்தது. அவன் ஒரு கோடும் போடவில்லை. பென்சிலைத் திருப்பினான். எல்லோரும் அழகு என்று நினைத்திருந்த ஓர் உதட்டு வளைவை ரப்பரால் பாதி அழித்துவிட்டுத் தள்ளினான்.

அவ்வளவுதான். அந்தப் பையன் தாளுக்குள் மூச்சு விட ஆரம்பித்துவிட்டான்.

இன்னும் இரண்டு சுற்று. குணாளன் திரையைப் பார்த்தான். தொண்ணூற்றொன்பது. ஒரே கை. எந்த இடத்தில் ஒருவர் விட்டார், எந்த இடத்தில் இன்னொருவர் தொட்டார் என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. கண் முன்னால் பார்த்த அவனுக்கே தாளில் அந்தத் தையல் தெரியவில்லை.

"ஜெரால்டு, நீங்க கொஞ்சம் விலகி உக்காருங்க. இன்னொரு தடவை."

ஜெரால்டு இல்லாத சுற்று எண்பதைத் தாண்டவில்லை. எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்ல ஆள் இல்லாமல் கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"ஏன்டா மூணு மார்க்கு," என்றான் இருளப்பன் மெதுவாக, "உனக்குள்ள இவ்வளவு இருக்கா?"

வெளியே மரநிழலில் நின்று குணாளன் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிக்குப் பேசினான். மறுமுனையில் நிர்வாகி வசுந்தரா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க குணாளன், ஆறு பேரைக் கூட்டிட்டு வந்து நான் என்னங்க பண்றது? அந்த எழுபது வாங்குன புள்ளை போதும். பயிற்சி குடுத்தா ஏறிரும். அஞ்சு வருசம், வழக்கமான ஒப்பந்தம். சம்பளம் நீங்க கேக்கறதுக்கு மேலேயே போட்டுக்கலாங்க."

"வழக்கமான ஒப்பந்தம்னா... கை மாறக் கூடாதுங்கறதும் உண்டா மேடம்?"

"அது இல்லாம எப்புடிங்க? ஒண்ணு சொல்றேன். அந்தப் புள்ளை கையெழுத்துப் போட்ட அன்னைக்கே உங்களுக்கு விடுதலை. நீங்களுந்தான் எத்தனை காலத்துக்கு இப்புடியே இருப்பீங்க?"

அவன் போனை வைத்தான். உலகத்தில் எல்லாம் திரைக்கு மாறிய பிறகும் கையெழுத்து மட்டும் காகிதத்தில்தான். உள்ளே போய்ப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் பவுன்தாயிடம் நீட்டினான். பவுன்தாய் படித்தாள். வேகமாகப் படித்தாள், சம்பளம் வந்த இடத்தில் இன்னும் வேகமாக.

"ஆத்தி. எங்க வீட்டுல நம்பவே மாட்டாங்க சார்." பிறகு ஒரு பத்தியில் விரல் நின்றது. "புதிதாக எந்தக் கலையும் பயிலக் கூடாதுன்னு போட்டுருக்கு?"

"மாசாமாசம் மூலக்கைய வெச்சுத்தான் எல்லா இயந்திரக் கையையும் சரிபாப்போம். மூலம் மாறிட்டா எந்த ஆஸ்பத்திரியிலயும் ஒரு கை கூட வேலை செய்ய அனுமதி இருக்காது. அதனால, கை இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்."

"நான் படிப்பு முடிஞ்சதும் கண்ணாடி ஊதக் கத்துக்கப் போறதா இருந்தேன். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில இடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"கண்ணாடி ஊதினா மணிக்கட்டு மாறிடும்."

"அஞ்சு வருஷந்தான?"

அவள் பேனாவைத் திறந்துவிட்டாள். குணாளன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அவள் போட்டிருப்பாள். அவன் மாலை ரயிலில் சுதந்திர மனிதனாக ஊர் திரும்பியிருப்பான்.

"ஒரு நிமிஷம்மா," என்றான்.

கிடந்த தாள் ஒன்றை இழுத்து ஒரு பூனை வரைந்தான். தூங்கும் பூனை. சரசரவென்று, கண் இமைக்கும் நேரத்தில். பவுன்தாய் வாயைப் பிளந்தாள்.

"சார், நீங்க இம்புட்டு நல்லா வரைவீங்களா? இன்னொண்ணு போடுங்க. வேற பூனை."

போட்டான். அவள் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மீசை முடி உள்பட ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியது.

"நாய் ஒண்ணு போடுங்க."

நாய்க்கும் அந்தப் பூனையின் காதுதான் வந்தது.

"இருபத்திரண்டு வயசுல போட்ட பூனை இது," என்றான். "அஞ்சு வருஷம்னுதான் கையெழுத்துப் போட்டேன். முடிஞ்சப்போ வேற கை கிடைக்கல. நான் விலகினா ஆஸ்பத்திரியில கைங்க நின்னுடும். நீட்டிச்சாங்க, நீட்டிச்சாங்க, ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப அவங்க தடுக்கவே வேணாம். எனக்கே வேற வர்றதில்ல."

பவுன்தாய் பேனாவை மூடினாள். புகைப்படத்துப் பையன் தரையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அதைப் பார்த்ததும் மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

பிறகு வட்டத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, ஒப்பந்தத்தை இடது பக்கம் தள்ளினாள்.

"சிக்கிருச்சு," என்றாள்.

முபாரக் ஏன் என்று கேட்கவில்லை. படித்தான், தள்ளினான். மேகலா படித்தாள். இருளப்பன் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். சௌந்தரி அந்தப் பத்தியை இரண்டாம் முறை படித்தாள். கடைசியில் அது ஜெரால்டிடம் வந்தது.

அவன் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தான். "பவுனு," என்றான், "இடது கையில ஒரு முகம் தொடங்கு."

"எனக்கு இடது கையில பேரு கூட எழுத வராது."

"அதுக்குத்தான் சொல்றேன். முபாரக்கு, நீ பென்சில நுனியில புடிக்காத, கடைசியில புடி. எல்லாரும் பழகாத மாதிரி பண்ணுங்க. ஆனா சிக்கினாத் தள்ளிரணும். அதுல மட்டும் மாத்தம் கிடையாது."

முதல் சுற்றில் தாளில் இருந்தது முகமே இல்லை. மழையில் நனைந்த சுவரொட்டி. திரையில் பதினொன்று. இரண்டாவது சுற்றில் ஒருவர் தடுமாறியதை அடுத்தவர் தாங்கிப் பிடிக்கத் தொடங்கினார். நாற்பது. பவுன்தாயின் கோணல் கோட்டை முபாரக் எங்கேயோ பயன்படுத்திக்கொண்டான். முபாரக்கின் தள்ளாட்டத்தைச் சௌந்தரி முடியாக மாற்றிவிட்டாள். ஜெரால்டு அழித்தான், அழித்தான், தள்ளினான். எண்பது. தொண்ணூறு. குணாளன் உட்கார மறந்து நின்றான்.

தொண்ணூற்றெட்டு. ஒரே கை.

"பாத்தீங்களா சார்?" என்றான் ஜெரால்டு. "ஆளு ஆளா எடுத்தா நாங்க மாறிக்கிட்டேதான் இருப்போம். சுத்து மாறாது. இவ கண்ணாடி ஊதட்டும், அவன் கல்லு கொத்தட்டும். மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து உக்காந்தாப் போதாதா?"

குணாளன் அப்படியே கோயம்புத்தூரைக் கூப்பிட்டு, பதிவு முழுவதையும் அனுப்பினான். நெடுநேரம் கழித்து வசுந்தராவின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"ஒருத்தர் நடுவுல விட்டுப் போயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"இன்னொருத்தரச் சேத்துக்குவோம் மேடம்," என்றான் முபாரக்.

"வெளையாட்டா? புதுக் கை ஒண்ணு உள்ள வந்தா இயந்திரம் அன்னைக்கே காட்டிக் குடுத்துரும்." அவர் பதிவை இன்னொரு முறை ஓட்டும் சத்தம் கேட்டது. "சட்டப்படி மூலக்கைன்னா ஒரே ஒரு ஆளுதாங்க இருக்கோணும். இயந்திரமும் இது ஒரே ஆளுங்குது. அதுகூட நான் போய்ச் சண்டை போட முடியுங்களா? ஆறு பேரும் ஒரே கட்டத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. எடம் பத்தலைன்னா பொடியா எழுதுங்க."

சடகோபன் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒருவருக்கும் வேலை இல்லாமல் இருந்த இடத்தில் ஆறு பேருக்கு வேலை என்பது அப்போதுதான் உறைத்ததுபோல, பருத்திப்பால் வாங்க ஓடினார்.

குணாளன் அடுத்த முறை வந்தது முதல் சரிபார்ப்புக்கு.

படிப்பு முடிந்து கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்திருந்த பவுன்தாய் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்தாள். புறங்கையில் புதுத் தீப்புண், முகத்தில் புதுத் திமிர். முபாரக் அவள் ஊதிக் கொண்டுவந்த கோணல் குடுவையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி குடிக்கலாமா, இல்ல பாத்து அழுவணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பையனுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது," என்றான் குணாளன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். "அந்த ஊரு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பேசினாங்க. கடைசித் தையலுக்கு முன்னாடி இயந்திரக் கை நின்னுடுச்சாம். பழுதுன்னு பயந்துட்டாங்க. பழுது இல்ல. அது அந்தத் தையலைப் போடவே இல்லை. முன்னாடி போட்டதுல ஒண்ணையும் பிரிச்சு எடுத்துட்டு விலகிடுச்சு. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. கட்டுப் பிரிச்ச அன்னைக்குத்தான் புரிஞ்சுதாம். அந்த ஒரு தையல் விழுந்திருந்தா, பையன் சிரிக்கிறப்போ உதடு இழுத்திருக்கும்."

ஐந்து பேரும் ஜெரால்டைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"அவங்கம்மா?" என்றாள் பவுன்தாய்.

"தயங்கவே இல்லையாம்."

சுற்று தொடங்கியது. குணாளன் வழக்கம்போல இயந்திரத்தின் பக்கத்தில் உட்காரப் போனான். இந்த முறை இடம் மாறி அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த பவுன்தாயும் ஜெரால்டும் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். மறுக்கத் தோன்றவில்லை, வட்டத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு வரைந்தது ஒரு கிழவரின் முகம். அது பாதியில் இருக்கும்போது, வலப்பக்கத்திலிருந்து தாளும் பென்சிலும் நகர்ந்து வந்து அவன் முழங்காலைத் தொட்டன.

தள்ளியது பவுன்தாய். ஏன் என்று கேட்கக் கூடாது.

குணாளன் பென்சிலை எடுத்தான். கிழவரின் காதைப் போட்டான். பூனைக் காது வந்தது. வெட்கத்தோடு தள்ளினான். ஜெரால்டு அதை அழித்துவிட்டுச் சுற்றுக்கு விட்டான். மறுபடி வந்தது. மறுபடி பூனைக் காது. ஜெரால்டு அழித்தான். மெஸ் சாம்பார் காலத்திலிருந்து பேச்சு இப்போது பாண்டிச்சேரி மீன் குழம்புக்கு வந்திருந்தது. மூன்றாவது முறை தாள் வந்தபோது குணாளன் காதைத் தொடவில்லை. காதுக்குக் கீழே, கழுத்தில், வயது தொங்கும் இடத்தில், சின்னதாக ஒரு கோடு இழுத்தான். எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. இதற்கு முன் அவன் போட்டிராத கோடு அது.

தாளை இடது பக்கம் தள்ளினான்.

ஜெரால்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பென்சிலைத் திருப்பினான். பிறகு திருப்பியதை அப்படியே நேராக்கி, ஒன்றும் செய்யாமல் அடுத்த ஆளிடம் தள்ளினான்.

அப்போதுதான் குணாளனுக்குச் சுருக்கென்றது. பென்சில் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. புதுக் கை ஒன்று உள்ளே வந்தால் அது அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். பதறி எழுந்து திரையிடம் ஓடினான்.

தொண்ணூற்றொன்பது.

ஒரே கை.